வர்க்கமும் சதுரமும்

கணிதம் என்றால் நமக்கு அச்சம். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து, எண்களின் நடுவேதான் நாம் உண்டு உடுத்து வருகிறோம். பயணப்படிப் பட்டியலில் ஒரு ரூபாய் மிகுந்தால் சிவப்பு மையால் சுழிப்போம். கூட்டல் பிழைத்தால் இரவு ஏழு மணியானாலும் இருக்கையை விட்டு எழமாட்டோம். ஆயினும் அது கணக்கு வழக்கு, கணிதம் அன்று. கணிதம் நம்மைக் கைவிட்டது 1993 ஆம் ஆண்டில், காவிரிப் பாசனத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில்.

அன்று கரும்பலகையில் பிதாகரஸ் தேற்றம் எழுதப்பட்டது. ஒரு செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூடுதலுக்குச் சமம். ஐம்பது பேரும் ஒரே குரலில் மும்முறை சொன்னோம். கர்ணம் என்றால் பாட்டனார் பேச்சில் அடிக்கடி வரும் பழைய ஊர்க் கணக்கர் நமக்கு நினைவுக்கு வந்தார். வர்க்கம் என்றால் சுவரெழுத்துகளில் கண்ட தொழிலாளர் வர்க்கம். இவ்விரண்டும் ஒரு முக்கோணத்துக்குள் எவ்வாறு புகுந்தன என்பது விளங்கவில்லை. எழுந்து நின்று, "ஏன் ஐயா அப்படி?" என்று கேட்டுவிட்டோம்.

ஆசிரியர் கொடியவர் அல்லர். "தேர்வில் ஏன் என்று கேட்கமாட்டார்கள், உட்கார்" என்றார். வகுப்பு சிரித்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு மேல்நிலை வகுப்பில் பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும் நாள் வரையில் காதில் இருந்தது. வரலாறு எடுத்தோம், பி.ஏ. பட்டமும் பெற்றோம். தேர்வாணையத் தேர்வு எழுதித் தலைநகருக்கு வந்து சேர்ந்தோம். குறைப்பட ஒன்றுமில்லை. எனினும், "நமக்குக் கணக்கு வராது" என்ற வாக்கியத்தைச் சாதிச் சான்றிதழ்போல் பத்திரப்படுத்தி எங்கும் உடன் கொண்டு சென்றோம்.

2019 ஆம் ஆண்டு செப்டம்பரில், பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மகள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அடுத்த ஆண்டுத் தேர்வு முதல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் கணிதத்தேர்வை இரண்டாகப் பிரித்திருந்தது. ஒன்று 'ஸ்டாண்டர்ட்', மற்றது 'பேசிக்'. பின்னது எளிது, ஆனால் அவ்வழியே சென்றவர்க்குப் பதினோராம் வகுப்பில் கணிதத்தின் கதவு அத்துணை எளிதாகத் திறவாது என்பதே அன்றைய விதி. மகள் 'பேசிக்' என்பதற்கு எதிரே குறியிட்டிருந்தாள். பெற்றோர் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"ஏனம்மா?" என்றோம். "எனக்குக் கணக்கு வராது அப்பா" என்றாள்.

நம் சொத்தில் வேறெதுவும் அவளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இது மட்டும் சேர்ந்துவிட்டது. மதிப்பெண்கள் நன்றாகத்தானே இருக்கின்றன என்றோம். "எல்லாம் மனப்பாடம். ஒன்றும் புரியவில்லை" என்றாள். சொன்னதோடு நில்லாமல் நோட்டை எடுத்து, பிதாகரஸ் தேற்றத்தின் நிரூபணத்தை வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டு பத்துப் பன்னிரண்டு வரிகளில் ஒரு பிழையுமின்றி எழுதிக் காட்டினாள். இதன் பொருள் என்ன என்று கேட்டோம். பேனாவை மூடிவிட்டு நம்மைப் பார்த்தாள். அந்தப் பார்வை நமக்குப் பழக்கமானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தந்தை என்ற முறையில் ஏதேனும் செய்ய வேண்டும் என்று தோன்றியது. கணிதம் தெரியாதவனிடம் என்ன இருக்கும்? தமிழ்ப் பெருமை இருந்தது. போதையனார் என்பவர் பாடியதாக நம்மவரிடையே ஒரு நாலடிப் பாடல் வழங்குவதை அன்பர்கள் அறிவர். மேடைகளிலும் கைப்பேசிச் செய்திகளிலும் அது ஓயாமல் உலவுகிறது. நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றை நீக்கிவிட்டு, மீதியோடு குறுகிய பக்கத்தின் பாதியைச் சேர்த்தால் கர்ணம் கிடைக்கும் என்பது அதன் கருத்து. வர்க்கமூலமே வேண்டாம். பாடலை இராகம் போட்டுச் சொல்லி, பிதாகரஸுக்கு முன்பே நம்மவர் கண்டது என்று முழங்கினோம். அதற்கு நம்மிடம் ஆதாரம் ஏதும் கிடையாது. மூன்றும் நான்கும் வைத்துக் காட்டினோம்: நான்கில் எட்டில் ஒன்று போனால் மூன்றரை, மூன்றில் பாதி ஒன்றரை, ஆக ஐந்து. ஐந்தும் பன்னிரண்டும் வைத்தோம்: பத்தரையும் இரண்டரையும் பதின்மூன்று. சரியாக வந்தது. மகளின் முகம் மலர்ந்தது.

பிறகு அவள் தரையைப் பார்த்தாள். நம் குடியிருப்பில் முன்னிருந்தவர் தம் செலவில் ஓரடிச் சதுர டைல்ஸ் பதித்துவிட்டுப் போயிருந்தார். "இதற்குச் செய்து பார்க்கலாமா?" என்றாள். இரண்டு பக்கமும் பன்னிரண்டு அங்குலம். எட்டில் ஒரு கூறு நீங்கப் பத்தரை, பாதி ஆறு, ஆகப் பதினாறரை அங்குலம். தாயாரின் தையல் டேப்பை எடுத்துவந்து மூலைக்கு மூலை அளந்தாள். பதினேழுக்கு ஒரு மயிரிழை குறைவு.

"அரை அங்குலம் இடிக்கிறதே அப்பா."

நாம் டேப்பின்மேல் பழி போட்டோம். "டேப்பு சரியாகத்தான் இருக்கிறது. போன வாரம் உங்கள் சட்டைக்கு அளந்தபோதும் சரியாகத்தான் இருந்தது" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. வேறு கல்லை அளந்தோம்; வேறு மூலையிலிருந்து அளந்தோம். அரை அங்குலம் அங்கேயே இருந்தது. பிற்பாடு, இருபடிச் சமன்பாடு கைவந்த சூட்டில், மகள் இதை முழுவதும் ஆராய்ந்து காட்டினாள். அந்த விதி மிகச் சரியாகப் பொருந்துவது பக்கங்கள் நான்குக்கு மூன்று என்ற விகிதத்திலும், பன்னிரண்டுக்கு ஐந்து என்ற விகிதத்திலும் மட்டுமே. மற்ற இடங்களில் ஏறக்குறையத்தான். தச்சருக்கும் கொத்தருக்கும் அந்த ஏறக்குறைய போதும். வர்க்கமூலம் காணாமல் மனத்திலேயே போட்டுப் பார்க்கும் நல்ல வாய்பாடு. குற்றம் பாடலில் இல்லை. அது பெறாத பட்டத்தை அதற்குச் சூட்டியவர்கள் நாம்.

அன்று மாலை மனம் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோதுதான் மகள் ஒன்றைச் சொன்னாள். "நீங்கள் வர்க்கம், வர்க்கம் என்கிறீர்கள். இந்தியில் வர்க் என்றால் சதுரந்தானே அப்பா?"

நாம் திடுக்கிட்டோம். தமிழ் வழியில் படித்தவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் வருவது நமக்கு வர்க்கம்; நான்கு பக்கமும் சமமான செங்கோண வடிவம் சதுரம். ஒன்று எண்கணித வகுப்பில் வந்தது, மற்றது வடிவியல் வகுப்பில் வந்தது. இரண்டும் உறவு என்று யாரும் நமக்கு அறிமுகப்படுத்தவில்லை. இந்தியில் வடிவத்துக்கும் எண்ணுக்கும் அந்த ஒரே சொல். ஆங்கிலத்திலும் 'ஸ்கொயர்' அவ்வாறே. பொருளுக்கொரு சொல் வைத்திருக்கும் செல்வம் நம் மொழியினுடையது. அச்செல்வமே இங்கு நமக்குத் திரையாக நின்றுவிட்டது. கர்ணத்தின் வர்க்கம் என்பது எண் மட்டும் அன்று. கர்ணத்தைப் பக்கமாகக் கொண்டு எழுப்பிய ஒரு சதுரம். அத்தேற்றம் நீளங்களைப் பற்றிப் பேசவில்லை. மூன்று சதுரங்களின் பரப்பைப் பற்றிப் பேசுகிறது. இருபத்தாறு ஆண்டுகளாக ஊர்க் கணக்கரையும் தொழிலாளரையும் சேர்த்துக் குழம்பியிருந்த வாக்கியம் அன்றைக்குத்தான் ஒரு படமாகக் கண்முன் வந்தது.

மனைவியார் கோலப்பொடிக் கிண்ணத்துடன் வந்தார். இரண்டுக்கு இரண்டாக நான்கு கற்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் மூலைவிட்டம் ஒன்றை இழுக்கச் சொன்னோம். நான்கு மூலைவிட்டங்களும் கூடி நடுவில் ஒரு சாய்ந்த சதுரம் நின்றது. அதன் பக்கம் கல்லின் மூலைவிட்டமே, அதாவது கர்ணம். அதற்குள் இருப்பவை நான்கு அரைக்கற்கள்; ஆக இரண்டு கல் பரப்பு. முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களின் மீது எழுப்பும் சதுரங்கள் ஒவ்வொரு கல். ஒன்றும் ஒன்றும் இரண்டு. பிளேட்டோவின் 'மேனோ' என்ற உரையாடலில், வடிவியல் கற்றிராத அடிமைச் சிறுவன் ஒருவனிடம் சாக்ரடீஸ் மண்ணில் கோடிழுத்து வரவழைப்பது இதே படத்தைத்தான். வாசலில் நாள்தோறும் இதைப் போட்டுக்கொண்டிருப்பவர், "இதற்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

மகள் விடவில்லை. இரு பக்கங்களும் சமமாக இருந்ததால் இது வாய்த்தது, சமமில்லாவிட்டால்? நியாயமான கேள்வி. சட்டைப் பெட்டியின் அட்டையை எடுத்தோம். (அலுவலக அட்டை அன்று என்பதை இங்குப் பதிவு செய்து வைக்கிறோம்.) மூன்றும் நான்கும் வேண்டாம் என்று மகள் உறுதியாகச் சொல்லிவிட்டாள்; அவை அதிர்ஷ்டசாலிகளாம். ஐந்து அங்குலமும் இரண்டு அங்குலமும் என்று வைத்துக்கொண்டு, ஒரே அளவான நான்கு செங்கோண முக்கோணங்களை வெட்டினோம். ஒரு தாளில் ஏழு அங்குலச் சதுரம் ஒன்று வரைந்தோம். ஐந்தும் இரண்டும் ஏழு அல்லவா?

முதலில் நான்கு முக்கோணங்களையும் சதுரத்தின் நான்கு மூலைகளில் வைத்தோம். ஒன்றன் நீண்ட பக்கம் முடிகிற இடத்தில் அடுத்ததன் குறுகிய பக்கம் தொடங்கும்படி சுற்றி வைத்தோம். நடுவே வெற்றிடம் ஒன்று சாய்ந்தவாறு எஞ்சியது. அதன் நான்கு பக்கங்களும் கர்ணங்கள். எனவே அது கர்ணத்தின் சதுரம். பிறகு முக்கோணங்களை நகர்த்தி, இரண்டிரண்டாகக் கர்ணத்தோடு கர்ணம் பொருத்தினோம். ஐந்துக்கு இரண்டான இரு நீள்சதுரங்கள் ஆயின. ஒன்றை ஒரு மூலையில் படுக்கவைத்து, மற்றதை எதிர்மூலையில் நிறுத்தினோம். இப்போது எஞ்சியவை இரண்டு வெற்றிடங்கள்: ஐந்துக்கு ஐந்து ஒன்று, இரண்டுக்கு இரண்டு ஒன்று. இவை மற்ற இரு பக்கங்களின் சதுரங்கள்.

பெரிய சதுரம் மாறவில்லை. முக்கோணங்கள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனவே முதலில் மீந்த வெற்றிடமும் பின்னர் மீந்த வெற்றிடங்களும் பரப்பில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். எண்ணிலும் பார்த்தோம்: மொத்தம் நாற்பத்தொன்பது சதுர அங்குலம், ஒரு முக்கோணம் ஐந்து, நான்கும் இருபது, மீதி இருபத்தொன்பது. இருபத்தைந்தும் நான்கும் இருபத்தொன்பது. அலுவலகத்தில் மாதந்தோறும் நாம் செய்வது இதுதானே! ஒரே தொகை, ஒரே செலவு, எனில் ஒரே இருப்பு. தலைப்புகள் மாறியிருக்கலாம், இருப்பு மாறாது. இவ்வளவு எளிய ஒன்றுக்காகவா அன்று உட்கார்த்தப்பட்டோம் என்று தொண்டை அடைத்தது. அதை மகளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

வெற்றிக் களிப்போடு அவளைப் பார்த்தோம். அவள் அட்டைகளை மீண்டும் முதல் அமைப்புக்கு நகர்த்தி, நடுவில் இருந்த வெற்றிடத்தின் மூலையில் விரலை வைத்தாள். "நான்கு பக்கமும் சமம், சரி. ஆனால் இது சதுரம் என்று எப்படித் தெரியும்? சாய்சதுரமாக இருந்தால்?"

நமக்கு விடை தெரியவில்லை. பார்த்தால் சதுரமாகத்தான் இருக்கிறது என்றோம். "பார்த்தால் பதினாறரையும் சரியாகத்தான் இருந்தது" என்றாள். பேச்சற்றுப் படுக்கச் சென்றோம். படிவம் கையெழுத்தின்றி மேசைமேல் கிடந்தது. புதன்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

மறுநாள் உணவு இடைவேளையில் வரலாற்று மாணவனுக்குத் தெரிந்த வழியில் தேடினோம். கிடைத்தவை ஏராளம். போதாயனரின் சுல்ப சூத்திரம் வேள்விமேடை அமைப்போருக்குக் கயிற்றளவை கூறும் வடமொழி நூல். நம் போதையனாரோடு பெயர் ஒலி ஒத்திருப்பதால் இருவரையும் ஒருவராக்கிப் பேசுவாரும் உளர். அந்நூல் இத்தேற்றத்தைப் பரப்பாகவே சொல்கிறது: நீள்சதுரத்தின் மூலைவிட்டக் கயிறு ஆக்கும் பரப்பு, நீளமும் அகலமும் தனித்தனியே ஆக்கும் பரப்புகளைச் சேர்த்ததற்குச் சமம். ஆயின், ஏன் என்று அது விளக்கவில்லை. யூக்ளிட் தம் முதற் புத்தகத்தின் நாற்பத்தேழாம் கூற்றில் நிறுவினார். நம் அண்டை மலையாளத்தில், பதினாறாம் நூற்றாண்டில், சேட்டதேவர் எழுதிய 'யுக்திபாஷா' சதுரங்களை வெட்டி நகர்த்தியே இதைக் காட்டுகிறது. காரணம் கூறும் நூல் தாய்மொழியில் எழுதப்பட்டது என்பதைக் கண்டபோது பொறாமையாகக்கூட இருந்தது. அமெரிக்காவின் கார்ஃபீல்டு, குடியரசுத் தலைவராவதற்கு முன்பே, 1876 இல் ஒரு நிரூபணம் வெளியிட்டார். நம் ஏழு அங்குலச் சதுரத்தைச் சாய்வாகப் பாதியாக வெட்டினால் அவருடைய சரிவகம் கிடைத்துவிடும். லூமிஸ் என்பவர் இத்தேற்றத்துக்கு முந்நூற்றறுபதுக்கு மேற்பட்ட நிரூபணங்களைத் திரட்டி நூலாக்கியுள்ளார். இத்தனையும் கிடைத்தன. வெற்றிடம் சதுரம்தானா என்பதற்கு விடை மட்டும் நமக்கு அகப்படவில்லை. நெரிசலான பேருந்தில் நின்றபடி, கைப்பையில் கொண்டுவந்திருந்த ஓர் அட்டை முக்கோணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பக்கத்தில் நின்ற சர்தார்ஜி ஒருவர் அதை ஐயத்தோடு நோக்கினார்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் மகள் நம்மைக் கையைப் பிடித்து இழுத்துச் சென்றாள். பெரிய சதுரத்தின் ஒரு விளிம்பைக் காட்டினாள். அங்கு, ஒரு புள்ளியில், மூன்று கோணங்கள் கூடுகின்றன. ஒன்று இந்த முக்கோணத்தின் கூர்ங்கோணம், மற்றொன்று அடுத்த முக்கோணத்தின் இன்னொரு கூர்ங்கோணம், நடுவில் வெற்றிடத்தின் கோணம். விளிம்பு நேர்கோடு, ஆகவே மூன்றும் சேர்ந்து நூற்றெண்பது பாகை. முக்கோணத்தில் செங்கோணம் போக மற்ற இரு கூர்ங்கோணங்களும் சேர்ந்து தொண்ணூறு. ஆகவே நடுவில் இருப்பது தொண்ணூறு.

"நான்கு மூலையிலும் இதுதான் அப்பா. சதுரமாக இல்லாமல் இருக்கவே முடியாது. ஐந்தும் இரண்டும் என்றுகூட இல்லை. எந்த அளவில் வெட்டினாலும் இதேதான்."

எந்தப் புத்தகத்தில் பார்த்தாய் என்று கேட்டோம். பார்க்கவில்லை என்றாள். பள்ளியில் யாரேனும் சொன்னார்களா? இல்லை. பிற்பகல் முழுவதும் அட்டைகளை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்ததாக மனைவியார் சான்று கூறினார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லையாம். நம் அலுவலகத்தில் எந்த நகலும் ஓர் அதிகாரி ஒப்பமிட்டால்தான் உண்மை நகல். இதற்கு எவர் ஒப்பமும் வேண்டியிருக்கவில்லை, நம்முடையதும் வேண்டியிருக்கவில்லை. ஆயினும் மேசைமேல் இருந்த படிவத்துக்கு வேண்டியிருந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு எந்தப் பகுதி என்று கேட்டோம். முந்தைய குறியை வெள்ளை மையால் அழித்து, அது காயும் வரையில் ஊதிக்கொண்டு நின்றாள். பிறகு மேலே இருந்த கட்டத்தில் குறியிட்டாள். நாம் கையெழுத்திட்டோம்.

கோலப்பொடிக் கோடுகள் வெள்ளிக்கிழமை வீடு மெழுகும் வரையில் இருந்தன. அட்டை முக்கோணங்களில் ஒன்றை மனைவியார் இரவிக்கைக் கழுத்து வெட்டுவதற்கு அளவாக எடுத்துக்கொண்டார். மற்ற மூன்றும் நம் மேசை இழுப்பறையில் உள்ளன.